மலைக்கும் பாட்டுக்கும் ஒரே ரயில்

மான்செஸ்டர் பிக்கடில்லி நிலையத்தில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ஈடேல் கிராமம் வந்துவிடும். எதிர்த்திசையில் ஷெஃபீல்டிலிருந்து வந்தால் அரை மணி நேரம் சொச்சம்தான். இரண்டும் இங்கிலாந்தின் பெரிய தொழில் நகரங்கள். ஒன்று பஞ்சாலைக்குப் பெயர்போனது, மற்றது எஃகுக்கு. இரண்டுக்கும் நடுவே பீக் டிஸ்ட்ரிக்ட் மலைநாடு. ஈடேலில் இறங்கி ஊருக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் போதும், வீடுகள் முடிந்து ஏற்றம் தொடங்கிவிடும்.

1894-ல் பயணிகளுக்குத் திறக்கப்பட்ட இந்தத் தடத்துக்கு ஹோப் பள்ளத்தாக்குப் பாதை என்று பெயர். ஷெஃபீல்டிலிருந்து வரும் ரயில் ஐந்தரை கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள டாட்லி சுரங்கத்தில் நுழைந்து வெளியே வரும்போது நகரம் காணாமல் போயிருக்கும். சனிக்கிழமை காலைகளில் பெட்டி முழுக்க முதுகுப்பைகளும் மழைச்சட்டைகளும் பழைய சேறு காய்ந்த பூட்ஸ்களும்தான். சில சனிக்கிழமைகளில் அவற்றோடு பிடில், கிடார், அக்கார்டியன் எல்லாம் ஏறும். ‘ஃபோக் ட்ரெயின்’ என்று இதற்குப் பெயர். நாட்டார் இசைக் கலைஞர்கள் பயணிகளோடு பயணியாக உட்கார்ந்து ஓடும் ரயிலிலேயே வாசிப்பார்கள். இறங்கும் ஊரின் பப்பில் கச்சேரி தொடரும். திரும்பி வரும் ரயிலிலும் உண்டு. தனிக் கட்டணம் கிடையாது, ரயில் டிக்கெட் எடுத்தால் போதும்.

வாரம் முழுக்க ஆஸ்பத்திரியிலோ கிடங்கிலோ அலுவலகத்திலோ வேலை பார்ப்பவர்களுக்கு மலையும் நேரடி இசையும் இத்தனை பக்கத்தில் கிடைப்பது பெரிய வரம். ஆனால் இந்த வரத்தை யாரும் சும்மா கொடுத்துவிடவில்லை. கூலிக்கு வேலை பார்த்தவர்கள் வாதாடி, வழக்கில் சிக்கி, சிறைக்குப் போய், பாட்டும் எழுதிப் பெற்றது அது.

தடை தாண்டிய ஞாயிறு

ஈடேலுக்கு மேலே நிற்கும் கிண்டர் ஸ்கௌட் 636 மீட்டர் உயரம். பீக் டிஸ்ட்ரிக்டின் உச்சி அதுதான். 1930-களில் சாதாரண மக்கள் அதன்மேல் கால் வைக்க முடியாது. பொது மேய்ச்சலாக இருந்த மேட்டுநிலங்கள் பழைய அடைப்புச் சட்டங்களால் தனியார் கைக்குப் போயிருந்தன. க்ரௌஸ் என்னும் காட்டுப் பறவையை நிலவுடைமையாளர்களும் அவர்களின் விருந்தினர்களும் ஆண்டில் சில நாட்கள் சுட்டு விளையாடுவதற்காக, மலையை ஆண்டு முழுக்கக் காவலர்கள் காத்தார்கள். அடிவாரத்து நகரங்களிலோ ஆலைப் புகையும் வேலையில்லாத் திண்டாட்டமும். ஞாயிற்றுக்கிழமை சில காசுகளுக்கு ரயிலேறி வந்த இளைஞர்களுக்கு, கண்ணுக்கு எதிரே நிற்கும் மலை எட்டாப் பொருளாக இருந்தது.

1932 ஏப்ரல் 24, ஞாயிறு. ஹேஃபீல்டு கிராமத்தை அடுத்த பௌடன் பிரிட்ஜ் கல்குவாரியில் சில நூறு பேர் கூடினார்கள். பாறைமேல் ஏறி நின்று பேசியவர் பென்னி ராத்மன் என்ற மான்செஸ்டர் இளைஞர்; வயது 20. கூட்டம் பாட்டுப் பாடியபடியே வில்லியம் க்ளஃப் ஓடையோரமாக மேலே ஏறியது. வழியில் காவலர்கள் மறித்தார்கள், கைகலப்பும் நடந்தது. ஆனாலும் கூட்டம் மேலேறி, ஈடேல் பக்கமிருந்து வந்த ஷெஃபீல்டு அணியைச் சந்தித்துவிட்டுத்தான் இறங்கியது. ஊர் திரும்பியவர்களில் சிலரைப் போலீஸ் பிடித்தது. டார்பி நீதிமன்றத்தில் ஐந்து பேருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை. ராத்மனுக்கு நான்கு மாதம்.

மலையில் நடந்ததற்குச் சிறையா என்று ஊரே கேட்டது. அந்த நடையை ஏற்காதவர்கள்கூடத் தண்டனையை ஏற்கவில்லை. அதே கோடையில் காசல்டன் அருகே வின்னட்ஸ் கணவாயில், மலையில் நடக்க அனுமதி கோரி நடந்த கூட்டத்துக்குச் சுமார் 10,000 பேர் திரண்டார்கள்.

பத்திரிகைக்கு எழுதிய கை

அந்த நடையைப் பற்றிப் பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பும் பொறுப்பு 17 வயது சால்ஃபோர்டு பையன் ஒருவனிடம் இருந்தது. பெயர் ஜிம்மி மில்லர். இரும்பு வார்ப்புத் தொழிலாளியின் மகன். 14 வயதில் பள்ளியை விட்டவன். நடந்ததைச் செய்தியாக எழுதியதோடு நிற்காமல் பாட்டாகவும் எழுதினான். வார நாட்களில் கூலிக்கு உழைத்து, ஞாயிற்றுக்கிழமை மலைமேல் விடுதலையாகும் ஒருவனின் பாட்டு அது. ‘தி மான்செஸ்டர் ராம்ப்ளர்’ என்ற அந்தப் பாட்டை இன்றும் மலை நடப்பவர்கள் பப்பில் தொடங்கினால் பக்கத்து மேசைகளும் சேர்ந்துகொள்ளும்.

பிற்காலத்தில் அவர் ஈவான் மெக்கால் என்று பெயரை மாற்றிக்கொண்டார். 1949-ல் சொந்த ஊரான சால்ஃபோர்டைப் பற்றி ‘டர்ட்டி ஓல்டு டவுன்’ எழுதினார். பாடகி பெகி சீகருக்காக அவர் எழுதிய காதல் பாட்டு ராபர்ட்டா ஃப்ளாக்கின் குரலில் உலகமெல்லாம் ஒலித்து, 1973-ல் கிராமி விருதும் பெற்றது. பிரிட்டனில் நாட்டார் இசை மீண்டும் தலைதூக்கிய காலத்தின் பெரும் பெயர்களில் அவர் ஒருவர். அப்படிப்பட்டவரின் தொடக்ககாலப் பாட்டே ஒரு மலைநடையிலிருந்து பிறந்திருக்கிறது.

மலைநடைக்கும் பாட்டுக்குமான இந்த உறவு அவரோடு முடிந்துவிடவில்லை. பிபிசி ரேடியோ 2-ல் பல ஆண்டுகள் நாட்டார் இசை நிகழ்ச்சியை நடத்திய மான்செஸ்டர் பாடகர் மைக் ஹார்டிங், மலை நடப்பவர்களின் தேசிய அமைப்பான ராம்ப்ளர்ஸ் சங்கத்துக்கும் தலைவராக இருந்தவர்.

பழைய வரைபடங்களும் பொறுமையும்

ஷெஃபீல்டு வேறு வழியிலும் போராடியது. பெர்ட் வார்டு என்ற பொறியியல் தொழிலாளி 1900-லேயே ஆட்களைத் திரட்டி கிண்டரைச் சுற்றி நடந்தார். அதிலிருந்து உருவான க்ளாரியன் ராம்ப்ளர்ஸ் குழுவுக்காக ஆண்டுதோறும் கையடக்கமான ஒரு கையேட்டை வெளியிட்டார். ஊர்ப்பெயர், பழைய பாதை, வரலாறு எல்லாம் அதில் இருக்கும். பழைய ஆவணங்களைத் தோண்டி, இது காலங்காலமாக மக்கள் நடந்த வழி என்று நிறுவுவதில் அவர் வாழ்நாளைச் செலவிட்டார். 1945-ல் நடையர்கள் நன்றிக்கடனாக லூஸ் ஹில் குன்றின் உச்சிப் பகுதியை அவருக்குக் கொடுத்தார்கள். அவர் அதைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல், இயற்கை நிலங்களைக் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்துவிட்டார்.

அதே ஷெஃபீல்டில் எத்தல் ஹேதர்ன்த்வைட் என்ற பெண்மணி 1924-ல் தொடங்கிய இயக்கம் நகரம் மலையை விழுங்காமல் தடுத்தது. ஷெஃபீல்டைச் சுற்றி வீடுகள் எழும்பக் கூடாத பசுமை வளையம் 1938-ல் வந்ததற்கு அவர் உழைப்பே முக்கியக் காரணம். நகராட்சி எல்லையின் மூன்றில் ஒரு பங்கு இன்று தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. ஷெஃபீல்டில் டவுன் பஸ் ஏறி மலைக்குப் போகலாம்.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம். 1951 ஏப்ரலில் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாகப் பீக் டிஸ்ட்ரிக்ட் அறிவிக்கப்பட்டது. ஈடேலில் தொடங்கி ஸ்காட்லாந்து எல்லை தாண்டிப் போகும் சுமார் 430 கிலோமீட்டர் பென்னைன் நடைபாதை 1965-ல் திறக்கப்பட்டது. மேட்டுநிலங்களில் பாதையை விட்டு விலகியும் தாராளமாக நடக்கும் உரிமையை 2000-ல் நாடாளுமன்றம் இயற்றியது. 2004-ல் அது இங்கே நடைமுறைக்கு வந்தது. கிண்டர் நடையின் 70-ஆம் ஆண்டு விழா 2002-ல் நடந்தபோது, அந்நாள் நிலவுடைமையாளர் குடும்பத்தின் வழிவந்த டெவன்ஷயர் கோமகன் நேரில் வந்து, தன் தாத்தா காலத்தில் நடந்ததற்காக மன்னிப்புக் கேட்டார்.

தேவாலயத்திலிருந்து பப்புக்கு

இசைக்கும் இதே போன்ற கதை உண்டு. ஷெஃபீல்டின் வடமேற்கு ஓரத்திலுள்ள டங்வொர்த், வொரல், ஸ்டானிங்டன் ஊர்ப் பக்கம் நவம்பர் நடுவில் ஒரு ஞாயிறு மதியம் போனால், பப் வாசலில் நிற்கவே இடம் இருக்காது. உள்ளே கேரல் பாட்டு. முதல் உலகப் போர் நின்ற நாளான நவம்பர் 11-ஐ அடுத்த ஞாயிறு தொடங்கி, கிறிஸ்துமஸ் முடியும்வரை வாராவாரம் இது நடக்கும். மேடை இல்லை, பாடகர் குழு இல்லை. வந்தவர்களே பாடகர்கள். ஆண்கள் ஒரு சுரத்தில் எடுக்க, பெண்கள் அடுத்த அடியைத் திருப்பிச் சொல்ல, அந்தச் சின்ன அறையே குலுங்கும்.

இந்தப் பாட்டுகள் ஒருகாலத்தில் தேவாலயத்தில் உள்ளூர்க்காரர்கள் பிடிலும் குழலும் வாசித்துப் பாடியவை. 19-ஆம் நூற்றாண்டில் வழிபாட்டை ஒழுங்குபடுத்த முனைந்த பாதிரியார்கள் அந்தக் குழுக்களை ஓரங்கட்டி ஆர்கனைக் கொண்டுவந்தார்கள். பாடியவர்கள் தங்கள் பாட்டுகளைத் தூக்கிக்கொண்டு பப்புக்குப் போய்விட்டார்கள். இயேசு பிறந்த இரவில் மேய்ப்பர்கள் மந்தை காத்த கதையைச் சொல்லும் ஒரே பாட்டை இவர்கள் பல மெட்டுகளில் பாடுவார்கள். ஊருக்கு ஊர் மெட்டும் மாறும்.

மற்ற மாதங்களில் ‘செஷன்’ இருக்கிறது. பப்பின் ஒரு மூலையில் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒருவர் மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் கேட்டுப் பழகுவார்கள். நுழைவுச்சீட்டு கிடையாது. இதே பப்களின் மாடி அறைகளில்தான் புதுக் குழுக்களும் பிறக்கின்றன. 2003 ஜூனில் ஷெஃபீல்டின் ‘தி க்ரேப்ஸ்’ பப் மாடியில் பள்ளி முடித்த நான்கு பையன்கள் முதல் கச்சேரி நடத்தினார்கள். அவர்கள்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ராக் குழுவான ஆர்க்டிக் மங்கீஸ்.

பப்பில் வாசிக்கும் இந்த இசைக்கும் சட்டம் குறுக்கே வந்ததுண்டு. சிறப்பு உரிமம் இல்லாத பப்பில் இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து வாசிக்கக் கூடாது என்று பல பத்தாண்டுகள் ஒரு விதி இருந்தது. 2003-ல் வந்த புதிய சட்டம் அந்த விதியை நீக்கியது. ஆனால் ஒற்றை ஆள் வாசிக்கவும் உரிமம் தேவை என்றாக்கியது. சின்ன இடங்கள் சில சலித்துப்போய் இசையையே விட்டன. இசைக்கலைஞர்கள் விடாமல் குரல் கொடுத்ததன் பலனாக 2012-ல் நேரடி இசைச் சட்டம் வந்தது. மது விற்க உரிமமுள்ள இடத்தில் காலை 8 மணி முதல் இரவு 11 மணிவரை ஒலிபெருக்கி இல்லாமல் வாசிக்கத் தனி உரிமம் வேண்டாம். ஒலிபெருக்கி இருந்தால் 200 பேர் வரை கேட்கலாம் என்றது அது. 2015-ல் அந்த எண்ணிக்கை 500 ஆனது.

ஒரு சனிக்கிழமைக் கணக்கு

இந்த நகரங்களின் பல்கலைக்கழகங்களில் படிக்கும் தமிழ் மாணவர்களும் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் தமிழர்களும் முயன்று பார்க்கலாம். காலை 9 மணி வாக்கில் ஈடேலில் இறங்கினால், ஜேக்கப்ஸ் லாடர் என்ற படிவழியில் மேலேறி, கிண்டரின் தென்விளிம்போடு நடந்து, க்ரிண்ட்ஸ்ப்ரூக் ஓடை வழியாக இறங்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். மேலே தட்டையான நிலம். ‘பீட்’ என்னும் கருஞ்சேற்று மண்ணில் மழைநீர் அறுத்த பள்ளங்கள் வலைபோல் ஓடும். மூடுபனி இறங்கினால் திசையே பிடிபடாது. எனவே வரைபடமும் திசைகாட்டியும் தண்ணீர் புகாத உடையும் எப்போதும் பையில் வேண்டும். மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் விளிம்பைச் சுற்றி இன்னும் வடக்கே போனால் கிண்டர் டௌன்ஃபால் அருவியைப் பார்க்கலாம். 30 மீட்டர் விழ வேண்டிய தண்ணீரைக் காற்று மேல்நோக்கித் தூக்கி வீசும்.

டிசம்பரில் மாலை 4 மணிக்குள் இருட்டிவிடும். அது நல்லதுக்குத்தான். கால் வலிக்க இறங்கி வந்து, கணப்பருகே சூடாக ஏதாவது சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்தால், பாட்டு தொடங்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். நகரத்துக்கே திரும்பிவிட விரும்புபவர்களுக்கு மான்செஸ்டரின் ஹாலே இசைக்குழு இருக்கிறது. 1858-ல் தொடங்கி இன்றும் வாசிக்கிறது. ஷெஃபீல்டில் ‘மியூசிக் இன் தி ரௌண்ட்’ இருக்கிறது. 1984-ல் பீட்டர் க்ராப்பர் என்ற வயலின் கலைஞர் தொடங்கிய இதில் ரசிகர்கள் கலைஞர்களைச் சுற்றி நாலு புறமும் உட்கார்ந்து கேட்பார்கள். வில் நரம்பில் படும் ஓசைகூடக் காதுக்கு எட்டும் தூரம் அது.

இன்னும் பாக்கி

இத்தனை பெற்றும் கணக்கு முடியவில்லை. இங்கிலாந்தின் நிலப்பரப்பில் சுமார் 8 சதவீதத்தில் மட்டுமே தாராளமாக நடக்கும் உரிமை இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2003-ல் வந்த சட்டம், வீடு, தோட்டம், பயிர் போன்றவற்றை விட்டுப் பெரும்பாலான நிலத்தில் பொறுப்போடு நடக்க எல்லோருக்கும் வழி திறந்துவிட்டது. அதே சட்டம் தங்களுக்கும் வேண்டும் என்று இங்கிலாந்து நடையர்கள் கேட்கிறார்கள். அது நியாயமான கோரிக்கை.

சின்ன இசைக்கூடங்களின் நிலையும் கவலைக்குரியதே. 2023-ல் மட்டும் 125 சிறு அரங்குகளில் நேரடி இசை நின்றுபோனதாக, அவற்றுக்காகப் பாடுபடும் அமைப்பான மியூசிக் வென்யூ டிரஸ்ட் கணக்குக் கொடுத்தது. வாடகையும் மின்கட்டணமும் ஏறியது முக்கியக் காரணம். மறுபக்கம், 23,500 பேர் கொள்ளும் ‘கோ-ஆப் லைவ்’ அரங்கம் 2024-ல் மான்செஸ்டரில் திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட பேரரங்குகளில் விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பவுண்டைச் சின்ன இடங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு நாடாளுமன்றக் குழு ஆதரவு தந்திருக்கிறது. அரசு அதைத் தானாக முன்வந்து செய்யும்படி இசைத் துறையைக் கேட்டிருக்கிறது. கோல்ட்ப்ளே ராக் குழு காத்திருக்கவில்லை. 2025-ல் பிரிட்டனில் நடத்திய அரங்கக் கச்சேரிகளின் தன் வருவாயில் பத்து சதவீதத்தைச் சிறு அரங்குகளுக்குக் கொடுக்க முன்வந்தது.