லாகின் ஆயாச்சு... எதையெல்லாம் தொடலாம்?

மாரண்டஹள்ளியில் வீட்டிலிருந்தே பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்ப்பவர், பாஸ்வேர்டு, ஓடிபி கொடுத்து உள்ளே போகிறார். ஆள் யார் என்பது உறுதி. அவர் எந்த ஃபைலைத் திறக்கலாம், எதை அழிக்கலாம் என்பது வேறு கேள்வி. பல நிறுவனங்கள் கோட்டை விடுவது அதில்தான்.

2019இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் ஃபயர்வால் ஓட்டை வழியே நுழைந்தவருக்கு, அந்த ஃபயர்வாலுக்குத் தந்திருந்த கிளவுட் அனுமதியும் சேர்ந்து கிடைத்தது. ஃபயர்வாலுக்கு எதற்கு வாடிக்கையாளர் ஃபைலைப் படிக்கும் உரிமை? சுமார் 10.6 கோடிப் பேரின் விவரங்கள் போயின; அபராதம் 8 கோடி டாலர். நம் நாட்டில், 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

சரி, எந்த டூல்? சின்ன டீம் என்றால் ஏடபிள்யூஎஸ், அஷ்யூர், கூகுள் கிளவுடில் கூடவே வரும் அனுமதி வசதியே போதும். அப்ளிகேஷன்கள் பெருகி, விதிகள் ஒவ்வொன்றின் கோடுக்குள்ளும் சிதறிக் கிடக்கும்போதுதான் 'ஓபன் பாலிசி ஏஜென்ட்' மாதிரி ஓப்பன் சோர்ஸ் டூல் கைகொடுக்கும். விதிகளைத் தனியாக எழுதி, சோதித்துவிட்டு அமல்படுத்தலாம். அதன் 'ரீகோ' மொழியைக் கற்கத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அமேசானின் 'சிடார்' வாசிக்க எளிது.

எதை எடுத்தாலும் டெமோவிலேயே கேட்டுவிடுங்கள்: யாருக்கு, ஏன் அனுமதி மறுத்தது என்று லாக் காட்டுமா? வேலையை விட்டுப் போனவரின் அனுமதி அன்றைக்கே ரத்தாகுமா?