'50 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்' வாட்ச்: ஸ்டீம் ரூம், சானா, ஹாட் டப்பில் கட்டலாமா?

'ஸ்விம்மிங் பூல்லயே ஒண்ணும் ஆகல, வெறும் ஆவி என்ன பண்ணிடப் போகுது?' ஸ்மார்ட் வாட்ச்சைக் கழற்றாமல் ஸ்டீம் ரூமுக்குள் நுழையும் பலரின் கணக்கு இதுதான். ஜிம்மில் ஒர்க்-அவுட் முடித்தவர்கள், ரிசார்ட்டில் ஹாட் டப்பில் உட்காருபவர்கள், வெளிநாட்டுப் பயணத்தில் சானாவை முயற்சி செய்பவர்கள் என எல்லோருக்கும் இந்தக் கேள்வி வருகிறது.

வாட்ச்சின் பின்பக்கத்தில் இருக்கும் '50 மீட்டர்' என்பது தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்குவது பற்றிய உறுதி. சானாவின் சூட்டைத் தாங்கும் என்ற உறுதி அல்ல. வாட்ச் போனால் பணம்தான் நஷ்டம். அந்தச் சூட்டில் வாட்ச் காட்டும் நம்பரை நம்பி கூடுதல் நேரம் உட்கார்ந்தால் உடம்புக்கே ஆபத்து. இரண்டையும் பார்ப்போம்.

'50 மீட்டர்' என்றால் என்ன அர்த்தம்?

50 மீட்டர் ஆழம் வரை டைவிங் போகலாம் என்று அர்த்தம் இல்லை. தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 50 மீட்டர் என்றால் 5 வளிமண்டலம். இதைத்தான் சில வாட்ச்களில் '5 ஏடிஎம்' என்று எழுதியிருப்பார்கள்.

இதற்கு ஐ.எஸ்.ஓ 22810 என்ற சர்வதேச தர நிர்ணயம் இருக்கிறது. ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 2 முதல் வந்த வழக்கமான மாடல்கள் இந்தத் தரத்தின்படிதான் 50 மீட்டர் என்று குறிப்பிடப்படுகின்றன. ஆய்வகத்தில், சாதாரண வெப்பநிலையில் உள்ள தண்ணீரில், புத்தம் புது வாட்ச்சுக்கு அழுத்தம் கொடுத்துப் பார்ப்பதுதான் இதில் முக்கியமான சோதனை.

'ஐபி68' என்ற குறியீடு வேறு. தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் தடுக்கும் திறனைச் சொல்வது அது. அதிலும் சானா சூடு கணக்கில் வராது.

இன்னொரு விஷயம், இந்தத் திறன் நிரந்தரம் இல்லை. வாட்ச் கீழே விழுவது, சோப்பு, ஷாம்பு, சன்ஸ்கிரீன், வாசனை எண்ணெய் என ஒவ்வொன்றும் அதைக் குறைத்துக்கொண்டே வரும். இரண்டு வருடம் கட்டிய வாட்ச், கடையில் வாங்கிய அன்று இருந்த அதே வாட்ச் இல்லை.

சூடு பட்டால் உள்ளே என்ன நடக்கிறது?

வீட்டில் பிரஷர் குக்கர் கேஸ்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். புதிதாக இருக்கும்போது கச்சிதமாக உட்காரும். சூட்டில் வெந்து வெந்து ஒரு கட்டத்தில் இறுகிப்போகும், ஓரத்தில் ஆவி கசியும். வாட்ச்சுக்குள் தண்ணீர் போகாமல் தடுப்பதும் கிட்டத்தட்ட அதே மாதிரியான மெல்லிய ரப்பர் வளையங்களும் பசையும்தான்.

சூடு ஏறும்போது கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் மூன்றும் ஒரே அளவில் விரிவதில்லை. அவை சேரும் இடத்தில் இழுவிசை உண்டாகும். பசை இளகும். ஒரு தடவையில் எதுவும் தெரியாது. வாரம் மூன்று நாள், மாதக்கணக்கில் இதே நடந்தால் பிடிமானம் தளரும்.

அடுத்து ஆவி. நீராவி என்பது தனித்தனி மூலக்கூறுகளாகப் பரவும் வாயு. தண்ணீர்த் துளி நுழைய முடியாத இடுக்கிலும் அது மெதுவாக ஊடுருவும். உள்ளே போன ஆவி, வாட்ச் குளிரும்போது மறுபடி தண்ணீராக மாறும். கண்ணாடிக்கு அடியில் பனி படர்ந்த மாதிரி தெரிவது இதனால்தான்.

மூன்றாவது, சூட்டிலிருந்து நேராகக் குளிர்ந்த தண்ணீரில் குதிப்பது. மூடிய கூட்டுக்குள் இருக்கும் காற்று 25 டிகிரியிலிருந்து 55 டிகிரி செல்சியஸுக்குச் சூடானால் அதன் அழுத்தம் சுமார் 10 சதவீதம் கூடும். திடீரெனக் குளிர்ந்தால் அதே வேகத்தில் குறையும். அந்த நேரத்தில் சீல் தளர்ந்திருந்தால், வெளியில் இருக்கும் தண்ணீரை வாட்ச்சே உள்ளே உறிஞ்சும். சானாவை விட, சானா முடிந்து ஐஸ் தண்ணீரில் இறங்கும் அந்த நிமிடம் வாட்ச்சுக்கு மோசமானது.

எந்த இடத்தில் எவ்வளவு சூடு?

எல்லா இடத்தையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம்.

வெந்நீர் நீச்சல் குளம்: பொதுவாக 27 முதல் 32 டிகிரி செல்சியஸ். நீச்சலுக்கு ஏற்ற வாட்ச் என்றால் பெரும்பாலும் பிரச்னை இல்லை. ஆனால் குளோரின் தண்ணீர் என்பதால் வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும்.

ஹாட் டப்: சுமார் 38 முதல் 40 டிகிரி. 40 டிகிரிதான் உச்ச வரம்பு என்கிறது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம். சூட்டோடு குளோரின் அல்லது புரோமின், பீய்ச்சியடிக்கும் ஜெட் எல்லாம் சேர்ந்து வேலை செய்யும் இடம் இது.

ஸ்டீம் ரூம்: 40 முதல் 50 டிகிரி வரைதான். ஆனால் காற்றில் ஈரப்பதம் கிட்டத்தட்ட 100 சதவீதம்.

ஃபின்லாந்து பாணி சானா: 80 முதல் 100 டிகிரி. ஈரப்பதம் குறைவு, சூடு மிக அதிகம்.

இனி நிறுவனங்கள் சொல்வதைப் பார்ப்போம். ஆப்பிள் வாட்ச்சின் வழக்கமான மாடல்கள் 0 முதல் 35 டிகிரி வரையிலான சுற்றுப்புற வெப்பத்தில் இயங்குவதற்கு உருவாக்கப்பட்டவை. சானாவிலும் ஸ்டீம் ரூமிலும் கட்ட வேண்டாம் என்பதே ஆப்பிளின் அறிவுரை. அல்ட்ரா மாடலுக்கு மேல் வரம்பு 55 டிகிரி. அதுவும் ஃபின்லாந்து சானாவின் பக்கத்தில்கூட வராது. ஃபிட்பிட் நிறுவனமும் ஹாட் டப், சானா இரண்டிலும் தன் பேண்டுகளைக் கட்ட வேண்டாம் என்கிறது.

எல்லா நிறுவனங்களும் இப்படித்தான் என்று இல்லை. விரலில் போடும் சில ஸ்மார்ட் ரிங்குகளுக்கு வரம்பு கொஞ்சம் அதிகம். அதனால் உங்கள் மாடலின் மேனுவலில் 'இயங்கும் வெப்பநிலை' என்ற ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். நீங்கள் போகும் இடத்தின் சூடு அதைத் தாண்டினால் கழற்றிவிட வேண்டியதுதான். மேனுவலில் 'வேண்டாம்' என்று எழுதியதைச் செய்துவிட்டு, 'வாட்டர் ரெசிஸ்டன்ட்னு போட்டிருக்கே' என்று வாரண்டி கேட்டால் சர்வீஸ் சென்டரில் மறுக்க வாய்ப்பு அதிகம்.

பேட்டரியும் தோலும்

வாட்ச்சுக்குள் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. அதிக சூட்டில் இது சீக்கிரம் முதுமை அடையும். முன்பு இரண்டு நாள் தாங்கிய சார்ஜ், ஒரு நாளுக்கே திணறும். சில வாட்ச்கள் சூடு அதிகமானால் எச்சரிக்கை காட்டிவிட்டுத் தானாக ஆஃப் ஆகும். சூடாக இருக்கும்போதே சார்ஜில் போடுவது இன்னும் கெடுதல்.

தோலையும் மறக்க வேண்டாம். 80 டிகிரி காற்றில் உலோக பக்கிளும் உலோக ஸ்ட்ராப்பும் சருமத்தை விட வேகமாகச் சூடேறும், பட்ட இடத்தில் சுடும். சானாவுக்குள் போகும் முன் மோதிரம், செயின், வளையலைக் கழற்றச் சொல்வதும் இதற்காகத்தான்.

ஹாட் டப்பில் வேறொரு தொல்லை. தண்ணீரைச் சரியாகப் பராமரிக்காத தொட்டியில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளரும். அதனால் சருமத்தில் சிவந்த கொப்புளங்கள் வரும். ஆங்கிலத்தில் இதை 'ஹாட் டப் ராஷ்' என்றே அழைக்கிறார்கள். ஸ்ட்ராப்புக்கு அடியில் ஈரம் தேங்கி நின்றால் சருமம் ஊறி, எரிச்சலும் அரிப்பும் சேர்ந்துகொள்ளும்.

ஹார்ட் ரேட் 130... எக்சர்சைஸ் பண்ணின கணக்கா?

'சானாவில் எவ்ளோ கலோரி எரியுதுன்னு பார்க்கத்தான் வாட்ச் கட்டுறேன்' என்பவர்கள் உண்டு. இங்கேதான் கவனம் தேவை.

வாட்ச்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு, தோலுக்குக் கீழே ரத்த ஓட்டம் கூடிக் குறைவதைப் பார்த்து இதயத்துடிப்பைக் கணக்கிடுகிறது. வியர்வை, தண்ணீர், வழுக்கி நகரும் ஸ்ட்ராப் எல்லாம் அந்த அளவீட்டைக் குழப்பும்.

நம்பர் சரியாகவே வந்தாலும் அதன் அர்த்தம் வேறு. ஓடும்போது தசைகள் வேலை செய்கின்றன, அவற்றுக்கு ஆக்சிஜன் தர இதயம் வேகமாகத் துடிக்கிறது. சானாவில் தசைகள் சும்மாதான் இருக்கின்றன. உடம்பைக் குளிர்விக்க ரத்தத்தைத் தோல் பக்கம் தள்ளுவதற்காக இதயம் வேகமெடுக்கிறது. துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டுவது சாதாரணம், 150 வரை போவதும் உண்டு. துடிப்பை வைத்துக் கலோரி கணக்குப் போடும் வாட்ச், இதையும் உடற்பயிற்சி மாதிரி எடுத்துக்கொண்டு அதிகமாகக் காட்டலாம். சானா முடிந்து எடை மெஷினில் குறைந்து தெரிவது கொழுப்பு இல்லை, வியர்வையாகப் போன தண்ணீர். குடித்ததும் திரும்பி வந்துவிடும்.

வாட்ச்சுக்குத் தெரியாதது என்ன?

சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிவதால் ரத்த அழுத்தம் குறையும். உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. சட்டென எழுந்தால் தலை சுற்றி விழலாம். பெரும்பாலான ஃபிட்னஸ் பேண்டுகள் ரத்த அழுத்தத்தை அளப்பதில்லை. மணிக்கட்டின் தோல் வெப்பநிலையைச் சில மாடல்கள் பார்க்கும். ஆனால் அது உடம்புக்குள் இருக்கும் வெப்பநிலை இல்லை. உடம்பில் நீர்ச்சத்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதும் அதற்குத் தெரியாது.

பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அந்த மாத்திரை துடிப்பு ஏறுவதைக் கட்டுப்படுத்தும். உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும், வாட்ச்சில் நம்பர் நார்மலாகவே இருக்கும். 'ஹார்ட் ரேட் ஓகேதானே, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கலாம்' என்று முடிவெடுப்பது இங்கே ஆபத்து.

சூட்டை ஒரு ரெக்கார்டாகப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபின்லாந்திலேயே உதாரணம் உண்டு. அங்கே ஹெய்னோலா நகரில் நடந்துவந்த உலக சானா சாம்பியன்ஷிப்பில், 110 டிகிரி சூட்டில் யார் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறார் என்பதுதான் போட்டி. 2010 இறுதிச் சுற்றில் இரண்டு பேர் மயங்கி விழுந்தனர், அதில் ஒருவர் உயிரிழந்தார். அதோடு அந்தப் போட்டியே நின்றுபோனது. அதே ஃபின்லாந்தின் சானா பண்பாட்டை 2020-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஃபின்லாந்து மக்களின் அன்றாட சானாவில் யாரும் யாரையும் முந்துவதில்லை. போதும் என்று தோன்றினால் எழுந்து வெளியே வந்துவிடுவார்கள்.

தெரியாமல் கட்டிக்கொண்டே போய்விட்டால்?

* உடனே ஐஸ் தண்ணீரிலோ ஃப்ரிட்ஜிலோ வைக்காதீர்கள். கழற்றி, அறை வெப்பநிலையில் தானாக ஆற விடுங்கள்.
* ஹாட் டப்பில் நனைந்திருந்தால், ஆறிய பிறகு நல்ல தண்ணீரில் லேசாக அலசி, மெல்லிய துணியால் துடையுங்கள். ஸ்ட்ராப்பைத் தனியாகக் கழற்றிக் காய வையுங்கள்.
* தண்ணீரை வெளியேற்றும் வசதி உங்கள் வாட்ச்சில் இருந்தால் அதை ஆன் செய்யுங்கள்.
* முழுவதும் காயும் வரை சார்ஜில் போடாதீர்கள்.
* ஹேர் டிரையர் வேண்டாம், அதுவும் சூடுதான். அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம், மாவுத்தூள் ஸ்பீக்கர் துளையை அடைக்கும்.
* கண்ணாடிக்குள் பனி தெரிந்தால், பின்பக்கம் உப்பி வந்தால், வழக்கத்தை மீறிச் சூடானால் கையில் கட்டாதீர்கள். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

அப்போ நேரத்தை எப்படிப் பார்ப்பது?

பல சானாக்களில் சுவரில் 15 நிமிட மணல் கடிகாரம் மாட்டியிருப்பார்கள். பேட்டரி வேண்டாம், ஆவி பட்டாலும் கவலையில்லை. அது இல்லாத இடத்தில் ஜிம் ஊழியரிடம் 10 நிமிடத்தில் கதவைத் தட்டச் சொல்லலாம். புதிதாகப் போகிறவர்களுக்கு 5 முதல் 10 நிமிடமே தாராளம்.

போவதற்கு முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள். மது அருந்திவிட்டுப் போகவே கூடாது. இதய நோய், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். கர்ப்பிணிகள் ஹாட் டப், சானா இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

தலைசுற்றல், குமட்டல், தலைவலி, படபடப்பு என எது வந்தாலும் நேரம் பார்க்காமல் மெதுவாக எழுந்து வெளியே வந்துவிடுங்கள். வாட்ச் அந்த நேரம் லாக்கரிலேயே இருக்கட்டும்.