தீவைச் சுற்றிக் காட்டுபவரின் கூலி

வார இறுதிக்கு ரவா தீவா, பெசார் தீவா என்று சிங்கப்பூரில் ஒரு குடும்பம் பேசிக்கொண்டிருக்கிறது. விளம்பரப் படங்களை அவர்கள் அவ்வளவாக நம்புவதில்லை. அறைக்குள் கட்டில் போக எவ்வளவு இடம் மிஞ்சுகிறது, குளியலறை எந்த நிலையில் இருக்கிறது, வாசற்படி இறங்கினால் கடல் எவ்வளவு பக்கம் என்று விரலால் திரையைச் சுழற்றிப் பார்த்துத்தான் முன்பதிவு செய்கிறார்கள். அப்படிச் சுழலும் 360 பாகைப் படத்தை எடுத்தவருக்கு அந்த ரிசார்ட்டும் முதலாளி இல்லை, கூகுளும் முதலாளி இல்லை. சொந்தக் கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு படகேறி வந்து, வேலை முடிந்ததும் பில் அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் சுயதொழிலர் அவர்.

ஜொகூரின் கிழக்குக் கரைத் தீவுகளில் இந்தத் தொழிலுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. படகுத்துறை ஊரான மெர்சிங் என்றதும் பலருக்குத் தியோமான் நினைவுக்கு வரும். அது பகாங் மாநிலத்துத் தீவு; படகு மட்டும்தான் மெர்சிங்கிலிருந்து. ஜொகூருக்குச் சொந்தமானவை ரவா, பெசார், திங்கி, சீபு, பெமாங்கில், ஆவுர் முதலிய தீவுகள். இவற்றைச் சூழ்ந்த கடல் 1994 முதல் பாதுகாக்கப்பட்ட கடற்பூங்கா. சுல்தான் இஸ்கண்டார் கடற்பூங்கா என்று பெயர். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் கடல் கொந்தளிக்கும். படகுகள் குறையும், பல ரிசார்ட்டுகள் பிப்ரவரி வரை கதவடைக்கும். ஆகவே படம் எடுக்க முடிவது மார்ச் முதல் அக்டோபர் வரைதான். ஆனால் அந்த மாதங்களில்தான் அறைகளில் விருந்தினர் நிரம்பியிருப்பார்கள். திரையில் சுற்றிக் காட்டும் மெய்நிகர் சுற்றுலாவுக்கோ காலியான, விரிப்பு கலையாத அறை வேண்டும், ஆளில்லாத கடற்கரை வேண்டும். கடல் வழிவிடும்போது அறை கிடைக்காது. அறை காலியாகும்போது கடல் வழிவிடாது. பருவக்காற்று ஓய்ந்து ரிசார்ட்டுகள் திறக்கும் முதல் சில வாரங்கள்தான் இரண்டும் ஒத்துவரும் நேரம். எல்லா ரிசார்ட்டுகளும் ஒரே சமயத்தில் கூப்பிடுவதும் அப்போதுதான்.

இதோடு கடல்நீரின் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்துகொள்கின்றன. மெர்சிங் ஆற்றின் முகத்துவாரம் ஆழமில்லாதது. நீர் ஏறினால்தான் பெரிய படகு வெளியே போக முடியும் என்பதால் புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறுகிறது. ஜொகூர் பாருவிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் ஓட்டி வந்து ஜெட்டியில் பாதி நாள் உட்கார்ந்திருப்பது இந்தத் தொழிலில் வழக்கமான செய்திதான். ஒரே நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு இரண்டு நாளாகிறது. ரிசார்ட் கேட்கும் விலைப்பட்டியலில் அந்த இரண்டாவது நாளுக்கு இடம் இருப்பதில்லை. இந்தத் தொழிலின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து. படத்துக்குக் கூலி பேசுகிறோம், காத்திருப்புக்குப் பேசுவதில்லை.

சரி, தீவில் இறங்கியபின் என்ன நடக்கிறது? 360 பாகைப் படம் ஒரே படமல்ல. மீன்கண் லென்ஸ் பொருத்திய கேமராவை முக்காலியில் நிறுத்தி, சுற்றிலும் நான்கோ ஆறோ படங்கள், வானத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என்று எடுத்துக் கணினியில் ஒட்டுகிறார்கள். ஒட்டும் இடம் தெரியாமல் இருக்க வேண்டுமானால், கேமரா தன் உடலை மையமாக வைத்துச் சுழலக் கூடாது. லென்ஸுக்குள் உள்ள ஒரு குறிப்பிட்ட புள்ளியை மையமாக வைத்துச் சுழல வேண்டும். விரலை மூக்குக்கு முன்னால் நீட்டி, இரு கண்களையும் மாறி மாறி மூடித் திறந்து பாருங்கள். பின்னணியில் விரல் இடம் மாறித் தெரியும். புள்ளி சில மில்லிமீட்டர் தவறினால் படத்திலும் அதுவே நடக்கும். வராந்தாத் தூண் இரண்டாக உடையும். இதற்கென்றே ‘பனோ ஹெட்’ என்ற கருவி இருக்கிறது. கட்டடத்துக்குள் அது சொன்னபடி கேட்கும். ஈர மணலில் முக்காலியின் கால் மெல்ல இறங்கும், புள்ளி நகரும், திரும்ப முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

கடல் அடுத்த தொல்லை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அலை நகர்ந்துவிடுகிறது, தென்னை ஓலை ஆடிவிடுகிறது. அலை உடைந்து நுரைக்கும் இடத்தில் ஒட்டுக்கோடு விழாதபடி கேமராவின் திசையை முன்கூட்டியே தீர்மானிப்பது அனுபவத்தில் வருவது. கடற்கரையில் எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்பதும் அப்படித்தான். தவறான முனையில் தொடங்கினால் சொந்தக் காலடித் தடமே எல்லாப் படங்களிலும் விழும். அறைக்குள் இருட்டு, பால்கனிக்கு வெளியே கண்ணைப் பறிக்கும் கடல். இரண்டும் ஒரே படத்தில் தெரிய ஒவ்வொரு திசைக்கும் வெவ்வேறு ஒளி அளவில் மூன்று, ஐந்து என்று எடுத்துக் கலக்க வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் ஈரம் படர்ந்து கால் மணி நேரம் வீணாகும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் வெளிப்புறத்தை முதலில் முடிக்கிறார்கள்.

இந்த மண்ணுக்கு ஒரு சலுகையும் உண்டு. மெர்சிங் கடல் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ இரண்டரைப் பாகையில் இருக்கிறது. மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் பகல் 1 மணியை ஒட்டிச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். முக்காலியின் நிழல் அதன் காலடியிலேயே விழுந்து, தரைப் படத்தைச் சரிசெய்யும்போது அதோடு மறைந்துவிடும். கடலின் நீலமும் பச்சையும் நன்றாகத் தெரியும் நேரமும் அதுவே. மற்றப் புகைப்படக்காரர்கள் ஒதுக்கும் உச்சி வெயில்தான் இவருக்கு வேலை நேரம்.

ட்ரோன் வேண்டும் என்று ரிசார்ட் கேட்டால் கணக்கே வேறு. மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் இருக்கின்றன. சிறப்பு அனுமதியின்றி 400 அடிக்கு மேல் பறக்கவிட முடியாது. வானிலிருந்து படமெடுக்க நில அளவைத் துறையான ஜுபெமின் அனுமதியும் தேவை. அந்த அனுமதிகளுக்கு அலையும் நாட்களும் கூலியில் சேர வேண்டும்.

மழை மாதங்களில் பிழைப்பு நகரத்துக்கு நகர்கிறது. ஜொகூர் பாருவில் அடுக்குமாடி வீடுகள், உணவகங்கள், விற்பனைக் கூடங்கள் என்று வேலை இருக்கும். அங்கேயும் சவாலுக்குக் குறைவில்லை. 1922இல் தொடங்கிய அருள்மிகு ராஜ காளியம்மன் ஆலயம் இன்று சுவரும் தூணும் கூரையும் கண்ணாடித் துண்டுகளால் இழைத்த கண்ணாடிக் கோயில். 360 பாகைக் கேமராவை நடுவில் வைத்தால் ஒவ்வொரு துண்டிலும் கேமரா தெரியும். சாதாரணப் புகைப்படக்காரர் ஒதுங்கி நின்று தப்பிக்கலாம். எல்லாத் திசையையும் எடுப்பவருக்கு ஒதுங்க இடம் ஏது?

சுற்றிப் பார்க்கும் படத்தின் ஆசை புதிதல்ல. 1787இல் ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் வட்டச் சுவர் முழுதும் தீட்டும் காட்சிக்குப் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். கூகுள் 2007இல் தெருக்களைச் சுற்றிக் காட்டும் ஸ்ட்ரீட் வியூவைத் தொடங்கியது, 2013இல் ரிக்கோ நிறுவனம் ஒரே சொடுக்கில் முழு வட்டமும் எடுக்கும் தீட்டா கேமராவைக் கொண்டுவந்தது. அதன்பின் யாரும் இத்தொழிலுக்கு வரலாம் என்றாகி, விலையும் இறங்கியது. தீவுகளுக்கு இதன் மதிப்பைப் பரோ தீவுகள் காட்டின. 2016இல் அங்கே சுற்றுலாத் துறையில் இருந்த துரிதா டால் ஆண்ட்ரியாசென், செம்மறி ஆடுகளின் முதுகில் 360 பாகைக் கேமராவைக் கட்டி ஊரைப் படமெடுத்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. கூகுள் தன் கருவிகளை அனுப்பியது.

ஆனால் மேடை கூகுளுடையது. வரைபடத்தில் ஏற்றும் படத்துக்கு அந்நிறுவனம் கூலி தருவதில்லை. பலர் நம்பியிருந்த ஸ்ட்ரீட் வியூ செயலியை 2023 மார்ச்சில் நிறுத்திவிட்டது. தனியார் தளங்களில் ஏற்றிவைத்தால் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும், கட்டாவிட்டால் சுற்றுலா திரையிலிருந்து மறைந்துவிடும். அந்தச் சந்தா யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் விடுவது பின்னால் மனக்கசப்பில் முடிகிறது.

எழுதிக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு உடன்பாடு இல்லையென்றால், எடுக்கச் சொன்னவருக்கே போகும். ‘எடுத்தது நான், படம் என்னுடையது’ என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உரிமையை வைத்துக்கொள்ள விரும்புபவர் படகேறும் முன்பே அதை எழுத்தில் வாங்க வேண்டும்.

விபத்து நேர்ந்தால்? வழுக்கும் பாறையிலும் ஆடும் படகிலும் கருவியோடு நடப்பவர் இவர். 2017ஆம் ஆண்டு சுயதொழிலர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதலில் டாக்சி ஓட்டுநர்களைச் சேர்த்துக்கொண்டது; 2020 முதல் மேலும் பல துறைகளுக்கு விரிந்தது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவில் சுயதொழிலர் தானே பதிந்து சந்தா கட்டலாம். ஓய்வுக்காலத்துக்கு ஊழியர் சேமநிதியில் ஐ-சாரான் திட்டம் இருக்கிறது. நாம் போடுவதோடு அரசாங்கமும் ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை சேர்க்கிறது. 2025 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றிய கிக் தொழிலாளர் மசோதா, புகைப்படம், வீடியோ எடுப்போரையும் பட்டியலில் சேர்த்தது. பணம் வராமல் இழுத்தடிக்கப்படுபவர் முறையிட ஒரு நடுவர் மன்றமும் அதில் உண்டு.

2026 ஜொகூருக்கு வருகை ஆண்டு, மலேசியாவுக்கும் வருகை ஆண்டு. தீவுகளைத் திரையில் காட்டச் சொல்லி அழைப்புகள் வரும். ரிசார்ட் நடத்துபவர்களிடம் கேட்பது இது: காற்றாலும் நீர் இறக்கத்தாலும் வீணாகும் நாளுக்கும் ஒரு தொகையை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், தங்க அறையும் படகும் கொடுங்கள். இத்தொழிலுக்கு வர நினைக்கும் நம் பிள்ளைகளிடம் சொல்வது: அடுத்த லென்ஸை வாங்குவதற்கு முன் பெர்கெசோவில் பதிந்துவிடுங்கள்.