கிரயம் தள்ளிப்போனால் சிகிச்சைச் செலவுக்கு என்ன வழி?

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தபின், இருக்கும் வீட்டையோ மனையையோ விற்றுப் பணம் கட்டிவிடலாம் என்று பல குடும்பங்கள் எண்ணுகின்றன. சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர்ப் பகுதிகளில் மனை வாங்க வருவோர் அரிதல்லர். பேசி முடித்த கிரயம் நின்றுபோவதும் அரிதன்று. வாங்குபவர் வங்கிக் கடனை நம்பியிருப்பார். வங்கியின் வழக்கறிஞர் மூலப்பத்திரத்திலோ பட்டாவிலோ குறை கண்டால் அக்கடன் கிடைக்காது. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. வரன்முறை பெறாத மனைக்குக் கடன் தர வங்கிகள் இன்றும் தயங்குகின்றன.

இந்நிலையில் சொத்தை அடமானம் வைத்து வங்கியில் கடன் பெறலாமே என்று நம்மிடம் கேட்போர் உண்டு. கிரயத்தை நிறுத்திய அதே குறை அந்தக் கடனையும் நிறுத்திவிடும் என்பதே நம் விடை. குறையில்லாத பத்திரமாயினும் ஆய்வும் மதிப்பீடும் முடியச் சில வாரங்கள் ஆகும். 'பிரிட்ஜ் லோன்' எனப்படும் இடைக்காலக் கடனோ, பழைய வீட்டை விற்குமுன் புதுவீடு வாங்குவோருக்காகவே பெரும்பாலும் ஏற்பட்டது.

ஆகவே பத்திரத்தைத் தொடாத வழிகளையே முதலில் நாடுதல் நலம். வங்கி நகைக்கடன் பெரும்பாலும் அன்றே கைக்கு வரும். வைப்புத்தொகையின் மீதும், சரண்மதிப்புள்ள எல்.ஐ.சி. பாலிசியின் மீதும் கடன் பெறலாம். வருங்கால வைப்பு நிதியிலிருந்து மருத்துவத்திற்கென எடுக்கும் முன்பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டிருப்பின், கடனுக்கு முன்பே முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள்.

வெளியில் வாங்கும் கடனின் சுமையை ஒரு கணக்கால் காட்டலாம். 3 லட்சம் ரூபாய்க்கு மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டியெனில் மூன்று மாதத்தில் 9,000 ரூபாய். 5 ரூபாய் வட்டியெனில் 45,000 ரூபாய். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச்சட்டம் உண்டு. ஆயினும் வட்டியை விட நாம் அஞ்சுவது வேறொன்று. கடனுக்கு ஈடாகச் சிலர் கிரய ஒப்பந்தமோ பொது அதிகாரப் பத்திரமோ எழுதிக் கேட்பர். ‘பேருக்குத்தான்’ என்பர். அதில் ஒப்பமிட்டபின் அந்த மனையை வேறொருவருக்கு விற்பது எளிதன்று. மனையே கைவிட்டுப் போகவும் கூடும். நோயாளியின் படுக்கையருகே கொண்டுவரப்படும் எந்தப் பத்திரத்திலும், வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்காமல் ஒப்பமிட வேண்டா.

முன்பே பெற்ற அட்வான்ஸ் தொகையும் கவனத்திற்குரியது. கிரயம் முறிந்தால் பெரும்பாலும் அதைத் திருப்பித் தரவேண்டி வரும். அதை மருத்துவமனையில் கட்டியிருந்தால் அதுவும் ஒரு கடனே. சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் பெறுவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. வங்கி வழியே பெற்றுத் தனிக் கணக்கில் வையுங்கள்.

கடன் தவணையை, வாங்குபவர் சொல்லும் புதிய தேதியை நம்பி முடிவு செய்யாதீர்கள். அடுத்தவரும் பின்வாங்கினால் வட்டியை எந்த வருமானத்தில் கட்டுவது என்று முதலில் பாருங்கள். கிரயம் தடைப்பட்ட செய்தியைச் சிகிச்சை நாளுக்கு முன்பே மருத்துவரிடமும் கட்டணப் பிரிவிலும் தெரிவித்தால், எது உடனே செய்யப்பட வேண்டியது, எது சில வாரம் பொறுக்கும் என்பது தெளிவாகும். அதன்பின் செலவு மதிப்பீட்டை எழுத்தில் பெற்று, அந்தத் தொகைக்கு மட்டும் கடன் கேளுங்கள்.