‘வந்தால்’ வேறு, ‘வந்தால்தான்’ வேறு!

‘விடியற்காலை மழை பெய்தால் அன்று பால்வெட்டு இல்லை’ என்பது ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளும் அறிந்த விதி. பட்டை நனைந்திருந்தால், பால் வெட்டிய கோட்டில் இறங்காமல் மரமெங்கும் வழிந்து வீணாகிவிடும்.

சரி, ஒரு நாள் வெட்டு இல்லை. அப்படியானால் மழை பெய்தது என்று அடித்துச் சொல்லலாமா? கூடாது. அன்று பெருநாள் விடுமுறையாக இருக்கலாம். மரம் இலை உதிர்க்கும் காலமாகவும் இருக்கலாம். ஆனால் வெட்டு நடந்தது என்றால், விடியலில் மழை இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். இந்த இடத்தில் படித்தவர்களுக்கும் கால் சறுக்கும். இங்கிலாந்து மனநூல் அறிஞர் பீட்டர் வேசன் 1966-ல் இதை ஓர் அட்டைப் புதிராக்கினார். போட்டுப் பார்த்த கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் தவறினார்கள்.

புதிர் கிடக்கட்டும், சம்பள விஷயத்துக்கு வருவோம். ‘எல்லா நாளும் வேலைக்கு வந்தால் போனஸ் உண்டு’ என்று எழுதியிருந்தால், வந்தவருக்குப் போனஸ் உறுதி. ஒரு நாள் தவறியவரைப் பற்றி அந்த வாக்கியம் வாய் திறக்கவில்லை. ‘வந்தால்தான் உண்டு’ என்றாலோ, தவறியவருக்கு நிச்சயமாகக் கிடையாது. வந்தவருக்குக் கட்டாயம் உண்டு என்ற உறுதியும் அதில் இல்லை! பேச்சுவாக்கில் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறோம். பத்திரம் அப்படி எடுத்துக்கொள்ளாது.

மலாய் மொழி ஒப்பந்தமானால் ‘ஜிக்கா’ என்றிருக்கிறதா, ‘ஹன்யா ஜிக்கா’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். பின்னது நம் ‘தான்’. கையெழுத்திடும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: “எல்லா நாளும் வந்தால் கட்டாயம் தருவீர்களா? காய்ச்சலில் ஒரு நாள் படுத்துவிட்டால் என்ன ஆகும்?” பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.