முதுமையென்று விட்டுவிடும் நோய்

அதிகாலைத் திருப்பலிக்குப் புறப்படும் முதியவர் ஒருவர், வண்ணாரப்பேட்டையில் ஒரு குறுகிய வீட்டின் குழாயடியில் வழுக்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலை சுவரில் மோதிச் சற்றே வீங்குகிறது. இரண்டு நாளில் வடிந்தும் விடுகிறது. வீட்டார் அதனை மறந்துவிடுகின்றனர். மூன்று வாரம் கழித்து, செபமாலை சொல்லும்போது எத்தனையாவது தேவரகசியம் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஒரு காலிலிருந்து மட்டும் செருப்பு நழுவுகிறது. பகலெல்லாம் உறக்கம். "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குகிறது. அதனால், மூளைக்கும் அதன் வெளியுறைக்கும் இடையே செல்லும் மெல்லிய இரத்த நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. அவற்றைக் கிழிக்க இலேசான அடியே போதும். கசியும் இரத்தத்தைச் சுற்றி ஒரு சவ்வு வளர்கிறது. அச்சவ்வில் முளைக்கும் புதிய நாளங்களும் வலுவற்றவையாதலால் அவையும் கசிகின்றன. அடிபட்ட அன்று நலமாயிருந்தவர் ஒரு மாதம் கழித்துத் தடுமாறுவது இதனாலேயே. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போருக்கும் மதுப்பழக்கம் உள்ளோருக்கும் இது எளிதில் நேரும். குடிப்பவர் தள்ளாடினால் அதனை நோயென்று யார் எண்ணுவார்?

மண்டையைப் பிளந்துவிடுவார்களோ என்னும் அச்சமே பல குடும்பங்களைத் தயங்கச் செய்கிறது. பெரும்பாலோருக்கு அது தேவையில்லை. ஸ்கேனில் கசிவு தெரிந்தால், மண்டையோட்டில் ஒரு ரூபாய் நாணயத்தினும் சிறிய துளை ஒன்றோ இரண்டோ இடுகின்றனர். தேங்கிய இரத்தம் பழைய எஞ்சின் எண்ணெய்போல் கறுத்து வெளிவருகிறது. அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தும் இதனை முடிக்கலாம். பின்னர், மிஞ்சியது வடிய மெல்லிய குழாயொன்றை இரு நாள் வைக்கின்றனர். 2009இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வில், குழாய் வைக்காதவருள் 24 விழுக்காட்டினருக்குக் கசிவு திரும்பியது. வைத்தவருள் 9 விழுக்காட்டினருக்கே திரும்பியது.

தொடை அல்லது மணிக்கட்டு வழியாக நுண்குழாய் செலுத்தி, அச்சவ்வுக்கு இரத்தம் ஊட்டும் நாளத்தை அடைக்கும் முறையும் இப்போது வந்துள்ளது. 2024 நவம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அறுவையோடு இதனையும் சேர்த்துச் செய்தபோது, மறு அறுவை தேவைப்பட்டோர் 11 விழுக்காட்டிலிருந்து 4 ஆகக் குறைந்தனர். அதே வேளையில் வந்த சீன ஆய்வில் பயன் அத்துணைத் தெளிவாக இல்லை. ஆகவே எல்லாருக்கும் இதுவே வேண்டுமென்று கேட்கத் தேவையில்லை.

நம் நாட்டில் மூளை அறுவைக்கெனத் தனித்துறையை 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. மறு ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் இராமமூர்த்தி தொடங்கினார். இன்றோ, பழைய வண்ணாரப்பேட்டை மக்களுக்கு அரசு ஸ்டான்லி மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது.

அடிபட்டவுடன் வாந்தியோ மயக்கமோ கண்டால் அது வேறு. அங்கே ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. மெல்ல வரும் நோயில் இன்னொரு சங்கடம் உண்டு: விழுந்தவரே விழுந்ததை மறந்திருப்பார். என்று விழுந்தார், என்னென்ன மாத்திரை உண்கிறார் என்பதை வீட்டாரே மருத்துவரிடம் சொல்லவேண்டியிருக்கிறது.