கிள்ளானில் பிறந்தால் மட்டும் போதுமா?

"நான் கிள்ளானில் பிறந்தவன். எனக்கு ஏன் சிவப்பு அடையாளக் கார்டு?" என்று கேட்கும் பெரியவர்களை நாம் இன்றும் பார்க்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கே பிறந்தாய் என்பதோடு எப்போது பிறந்தாய் என்றும் சட்டம் கேட்கிறது.

1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடிய மலாயாவில் பிறந்த குழந்தைக்கு, தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் போன்ற சிலர் நீங்கலாக, பிறந்த மண்ணே போதுமானதாக இருந்தது. 1962 அக்டோபரில் நிலைமை மாறியது. பிறக்கும்போது தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றார்கள். சுதந்திரத்திற்கு முன் தோட்டத்தில் பிறந்து, அப்போதும் குடியுரிமை பெறாதவர்களோ விண்ணப்பித்துத்தான் பெற வேண்டியிருந்தது. முதல் ஓராண்டு மலாய்மொழி நிபந்தனைகூடத் தளர்த்தப்பட்டது. தோட்டத்து வேலைக்கிடையே அதை யார் எடுத்துச் சொன்னார்கள்?

அது பழைய கதை. இன்று நம் குடும்பங்கள் சறுக்கும் இடம் வேறு. பெற்றோரின் திருமணம் பதிவாகாவிட்டால், குடியுரிமை விஷயத்தில் பிள்ளை தாயின் நிலையையே பின்பற்றும் என்கிறது அரசியலமைப்புச் சட்டம். தாய் வெளிநாட்டவர் அல்லது பத்திரமே இல்லாதவர் என்றால், தகப்பனாரின் நீல அடையாளக் கார்டு உதவாது. பிள்ளை பிறந்தது கோலாலம்பூர் மருத்துவமனையாக இருந்தாலும் இதே கதைதான். கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டி விருந்து வைத்தோமே என்பார்கள். 1982 மார்ச்சில் அமலுக்கு வந்த திருமணச் சட்டத்தின்படி பதிவும் வேண்டும்.

பிறகு பதிந்துகொள்ளலாமே? 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. மலேசியத் தகப்பன், பிலிப்பைன்ஸ் தாய். பிள்ளை பிலிப்பைன்ஸில் பிறந்த பிறகே திருமணம். பிறந்த நேரத்து நிலைதான் கணக்கு என்று 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில் குடியுரிமை மறுக்கப்பட்டது. மூன்று நீதிபதிகள் வேறு விதமாக நினைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

2024 அக்டோபரில் மக்களவை ஏற்ற திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு நல்ல செய்தி. ஆனால் நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கு இங்கே பிறந்ததால் தானாகக் கிடைத்த உரிமையை அதே திருத்தம் எடுத்துவிடுகிறது. சிவப்புக் கார்டு வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிறப்பை 60 நாளுக்குள் பதியுங்கள். குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு 15ஏ பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். அதற்கான 21 வயது வரம்பையும் இந்தத் திருத்தம் 18 ஆகக் குறைக்கிறது. எஸ்.பி.எம். முடியட்டும் என்று பதினேழு வயதுப் பிள்ளையோடு காத்திருப்பவர்கள் நாளைக்கே பதிவிலாகாவுக்குப் போங்கள்.